நாற்பது கொண்டை ஊசிகள்

பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலை, மறையூர், மூணாறு, போடி. மூன்று நாள் மலைப் பயணத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. போகும் ஊர்களைவிட, போகும் வளைவுகள்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 40. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினால், ஆழியாறு அணை கைக்கண்ணாடி போலக் கீழே கிடக்கும். தடுப்புச் சுவர்மேல் வரையாடு ஒன்று அசை போட்டபடி நம்மைப் பார்க்கும்.

அனுபவமுள்ள ஓட்டுநர் வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பார், ஒலி எழுப்புவார், ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்பார். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், எந்தக் கியரில் ஏறினாரோ அதிலேயே இறக்குவார். மலைச்சாலையின் மரியாதை அது.

மலை இறங்கி, உடுமலையிலிருந்து சின்னாறு காட்டைக் கடந்தால் மறையூர். சந்தன மரங்கள், பாறைமேல் பெருங்கற்காலத்து முனியறைகள். அப்புறம் இரவிகுளம் தேசியப் பூங்கா. அதற்குள்தான் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. கடைசியில் போடிமெட்டில் 17 வளைவுகள் இறங்கினால், தேனிச் சமவெளியின் வெக்கை முகத்தில் அடிக்கும்.

நேர்ச்சாலை ஊரை நெருங்க வைக்கும். வளைவோ, விட்டுவந்த பள்ளத்தாக்கைத் திரும்பத் திரும்பக் காட்டும். அதனால்தான் மலைப்பயணம் மனதில் தங்குகிறது.