வாலை மறந்த சிறகுகள்

உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் என் தங்கையின் மகன் நோன்பு விடுமுறையில் ஓர் ஒப்படையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தலைப்பு, 'இயற்கையைப் பார்த்துச் செய்த கண்டுபிடிப்புகள்'. "மாமா, இத ஒருக்காப் பாத்துத் தாங்க. தமிழ்ப் பிழை இருந்தா மட்டும் திருத்தினாப் போதும்" என்றான்.

தமிழ்ப் பிழைகள் இருந்தன, திருத்தினேன். ஆனால் வாசிக்க வாசிக்க வேறொரு குறை கண்ணில் பட்டது. நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதையைப் பார்த்து ஒட்டுப்பட்டி, சுறாவின் தோலைப் பார்த்து நீச்சலுடை, கறையான் புற்றைப் பார்த்துக் கட்டிடம், மீன்கொத்தியைப் பார்த்து ரயில் என்று பக்கத்துக்கொரு வெற்றிக் கதை. கடைசிப் பக்கத்தில் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். 'வானில் முதலில் பறந்த மனிதர் ஒரு முஸ்லிம்' என்று பெரிய எழுத்தில் போட்டு முடித்திருந்தான்.

"சரி மகன், பறந்தவர் எப்படி இறங்கினார்?" என்று கேட்டேன்.

"அது தேவையில்லையே மாமா" என்றான்.

அதுதான் தேவை என்பது என் எண்ணம். 9ஆம் நூற்றாண்டுக் குர்துபாவில் வாழ்ந்த இப்னு பிர்னாஸ் உடம்பில் இறகுகளைப் போர்த்தி, சிறகு கட்டி, உயரத்திலிருந்து பாய்ந்து கொஞ்சத் தூரம் பறந்தார் என்ற செய்தி 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரியின் நூலில் இருக்கிறது. அதே இடத்தில் அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டதும், பறவை தரையிறங்க வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்காததே அதற்குக் காரணம் என்பதும் இருக்கின்றன. பாய்ந்ததையும் விழுந்ததையும் ஒரே கதையாகத்தான் எழுதி வைத்தார்கள். விழுந்ததை வெட்டிவிட்டுப் பாய்ந்ததை மட்டும் மேடையில் சொல்பவர்கள் நாம்தான்.

இந்தப் பழக்கம் எமக்கு மட்டும் உரியதல்ல. இயற்கையைப் பார்த்துச் செய்வது பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதைகளில் வால் இல்லை. மருமகனின் ஒப்படையில் இருந்த குறை அவன் வாசித்தவற்றிலிருந்து வந்த குறை.

இந்தத் துறைக்கு இன்றுள்ள பெயரையும் புகழையும் வாங்கிக் கொடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஜெனின் பென்யஸ் 1997இல் வெளியிட்ட 'பயோமிமிக்ரி' என்ற நூல். அதன் தொடக்கத்திலேயே அவர் மூன்று விடயங்களை வரிசைப்படுத்துகிறார். இயற்கை எமக்கு மாதிரி. இயற்கை எமக்கு அளவுகோல். இயற்கை எமக்கு ஆசான். மாதிரி என்றால் அதைப் பார்த்துச் செய்வது. அளவுகோல் என்றால் செய்தது சரிதானா, நிலைக்குமா என்று அதை வைத்து அளந்து பார்ப்பது. ஆசான் என்றால் இயற்கையிடமிருந்து எதை எடுக்கலாம் என்பதை விட்டு எதைக் கற்கலாம் என்று அதன் முன்னால் அமர்வது. நூலின் முதல் பெரிய விடயமும் கருவியல்ல, விவசாயம். கன்சாஸ் மாநிலத்தில் வெஸ் ஜாக்சன் 1976இல் தொடங்கிய நில ஆய்வு நிலையம், இயல்பான புல்வெளியைப் போல ஆண்டுக்காண்டு உழாமல் நின்று விளையும் பல்லாண்டுத் தானியங்களை உருவாக்கப் பாடுபடுவதை அவர் விரிவாக எழுதுகிறார்.

நூலை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதற் சொல்லை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். மாதிரி விலைபோகும், அளவுகோல் விலைபோகாது.

கறையான் புற்றுக் கட்டிடத்தையே எடுப்போம். சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் நிலையம் அது. கட்டிடக் கலைஞர் மிக் பியர்ஸ், பொறியியல் வேலை அரூப் நிறுவனம். வழக்கமான குளிரூட்டி இல்லாமலே உள்ளே இதமாக இருக்கிறது. இரவின் குளிர்ந்த காற்றை மின்விசிறிகள் உள்ளே இழுக்கின்றன. தடித்த கொங்கிரீட் அந்தக் குளிரைப் பிடித்து வைத்துப் பகலில் விடுகிறது. சூடான காற்று மேலே புகைபோக்கிகளால் வெளியேறுகிறது. நல்ல கட்டிடம். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கறையான் அப்படிச் செய்கிறதா? புற்றுக்குள் சூடான காற்று மேலே ஏறி, சுற்றி வந்து, குளிர்ந்து கீழே இறங்குகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர் மார்ட்டின் லூஷர் 1961இல் எழுதினார். கட்டிடத்தின் கதை அந்தப் பழைய விளக்கத்தின் மேல் எழுந்தது. பின்னர் நமீபியாவின் புற்றுகளை ஆராய்ந்த ஸ்கொட் டேர்னரும் ரூபர்ட் சோரும் 2008இல் வேறு விடயம் சொன்னார்கள். புற்று, கூட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரமல்ல. கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தோடு ஏறி இறங்குகிறது. புற்று செய்வது நுரையீரலின் வேலை. வெளியே வீசும் காற்றின் ஏற்ற இறக்கத்தால் கெட்ட வாயு வெளியேறி நல்ல வாயு உள்ளே வருகிறது. ஆக, தவறாக விளங்கிக்கொண்ட கறையானைப் பார்த்துச் சரியாக வேலை செய்யும் கட்டிடம் ஒன்று எழுந்துவிட்டது. இதை அவ்விருவரும் குற்றமாகச் சொல்லவில்லை, உண்மையான கறையானிடம் இன்னும் கற்க இருக்கிறது என்றுதான் எழுதினார்கள். ஆனால் எம் கைக்கு வரும் கட்டுரைகளில் லூஷரின் கறையான்தான் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இதில் எமக்கொரு நடைமுறைப் பாடமும் உண்டு. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இரவில் குளிரும். அந்தக் குளிர்தான் கட்டிடத்தின் மூலதனம். கொழும்பிலோ கல்முனையிலோ இரவிலும் வியர்க்கிறது. அதே வரைபடத்தைக் கொண்டு வந்து இங்கே கட்டினால் கொங்கிரீட் எதைச் சேமிக்கும்? எந்த உயிரும் தன் இடத்தோடு சேர்ந்துதான் அப்படி இருக்கிறது. இடத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்தால் அதுவும் வாலில்லாச் சிறகுதான்.

சுறாவின் கதை இன்னும் கசப்பானது. ஸ்பீடோ நிறுவனத்தின் 'ஃபாஸ்ட்ஸ்கின்' நீச்சலுடை 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சுறாத்தோலின் பெயரால் புகழ்பெற்றது. 2012இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் லோடரும் அவருடைய சகாவும் உண்மையான சுறாத்தோலையும் அந்தத் துணியையும் தண்ணீரில் அசைய விட்டு ஒப்பிட்டார்கள். சுறாத்தோலின் நுண்பற்கள் நீந்த உதவுகின்றன, அதுவும் உடல் வளைந்து அசையும்போது. துணியின் மேற்பரப்பில் அப்படி ஒரு சீரான பயன் தெரியவில்லை. உடை இறுக்கிப் பிடிப்பதால் வேறு நன்மை இருக்கலாம், ஆனால் விற்றது சுறாவின் பெயர். இன்று சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. காரணம் மிதமிஞ்சிய மீன்பிடி. அந்த உடையால் சுறாவுக்கு என்ன கிடைத்தது என்று எந்த விளம்பரமும் கேட்கவில்லை.

எல்லாம் இப்படித்தான் என்று சொன்னால் அநியாயமாகும். ஜப்பானின் ஷின்கான்சென் ரயில் சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது மறுமுனையில் வெடிச்சத்தம் கேட்டது. பொறியியலாளர் எய்ஜி நகட்சு பறவை அவதானிப்பில் ஆர்வமுள்ளவர். மீன்கொத்தி காற்றிலிருந்து அடர்த்தியான தண்ணீருக்குள் பெரிதாகச் சிதறல் இல்லாமல் பாய்கிறது. ரயிலும் திறந்த வெளியிலிருந்து காற்று அடைபட்ட சுரங்கத்துக்குள் பாய்கிறது. சிக்கல் ஒன்றே என்று கண்டார். 1997இல் ஓடத் தொடங்கிய 500 வகை ரயிலின் நீண்ட மூக்கு அப்படி வந்தது. அவர் அலகின் அழகைப் பார்த்து மயங்கவில்லை. பறவைக்கு இருந்த கஷ்டம் என்ன என்று பார்த்தார்.

கலையிலும் இதே வேறுபாடு தெரிகிறது. ஜேர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881–82இல் இலங்கை வந்து வெலிகமையில் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தவர். ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிரிகளின் கூடுகளை அவர் வரைந்த படங்களைப் பார்த்து, 1900 பாரிஸ் கண்காட்சியின் பிரதான வாயிலை ரெனே பினே அமைத்தார். ஆயிரக்கணக்கான மின்விளக்குகளோடு அது ஒளிர்ந்தது. கண்காட்சி முடிந்ததும் அகற்றப்பட்டது. கொஞ்சப் பொருளில் நிறையப் பலம் என்பதுதான் அந்த நுண்ணுயிரின் கூடு. வாயிலுக்கு வந்தது கூட்டின் அலங்காரம் மட்டும். ஸ்பெயினின் அந்தோனி கௌடி செய்தது வேறு. கயிறுகளில் சிறு பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவை தாமாக எடுக்கும் வளைவைத் தலைகீழாக்கித் தன் வளைவுகளின் வடிவத்தைக் கண்டார். அவர் பார்த்தது இலையின் அழகை மட்டுமல்ல, பாரம் எப்படி இறங்குகிறது என்பதையும்.

வணிகத்தில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம் டென்மார்க்கின் கலுண்ட்போர்க். அங்கே ஒரு தொழிற்சாலையின் கழிவு இன்னொன்றின் மூலப்பொருள். மின்நிலையத்தின் நீராவி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனது. புகையைச் சுத்தப்படுத்தும்போது கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்குப் போனது. காட்டைப் போல என்கிறார்கள். அயல்வீட்டார் கொடுக்கல் வாங்கலாக அது மெல்ல வளர்ந்தது. காட்டின் பெயர் பிற்பாடு வந்து ஒட்டியது. அந்தக் காட்டின் நடுவில் நீண்ட காலம் நின்றது நிலக்கரி எரிக்கும் மின்நிலையம். சேர்ந்து வாழ்வது நல்லதுதான், எதைச் சுற்றிச் சேர்ந்து வாழ்கிறோம் என்று கேட்பதற்குத்தான் அளவுகோல் வேண்டும்.

இங்கே பென்யஸிடமும் எனக்கொரு கேள்வி இருக்கிறது. இயற்கையே அளவுகோல் என்கிறார் அவர். எங்கள் வளவில் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. அதுவும் இயற்கை. அடுத்தவன் உழைப்பில் தன் குஞ்சை வளர்க்கும் கம்பனி நாளைக்குக் குயிலை உதாரணம் காட்டினால் என்ன பதில் சொல்வது? இயற்கையை அறிந்தால் தானாகவே பணிவு வரும் என்று அந்த நூல் நம்புகிறது. எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

இந்த இடத்தில்தான் 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துபைல் எழுதிய 'ஹை இப்னு யக்ழான்' கதை எனக்குக் கைகொடுத்தது. 1671இல் லத்தீனிலும் 1708இல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் நன்றாக வாசிக்கப்பட்ட கதை அது. நிலநடுக்கோட்டை அடுத்து இந்தியாவின் பக்கம் உள்ள ஒரு தீவில் மான் பாலூட்டி வளர்த்த பையன் ஹை. அவனுக்கு ஆசான் இல்லை, சுற்றியுள்ள உயிர்களே பாடம். இறந்த கழுகின் இறகுகளையும் சிறகுகளையும் வாலையும் எடுத்து உடுத்திக்கொள்கிறான். தகைவிலான் குருவிகளின் கூட்டைப் பார்த்துத் தன் பொருள்களை வைக்க ஓர் அறை கட்டுகிறான். பென்யஸ் சொல்லும் மாதிரி இதுதான்.

வளர்த்த மான் இறந்தபோது உடலை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு காகங்கள் சண்டையிடுகின்றன. ஒன்று மற்றதைக் கொன்றுவிட்டு மண்ணைக் கிளறிப் புதைக்கிறது. ஆதம் நபியின் மகன்களின் வரலாறு தெரிந்த எமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் இப்னு துபைல் ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறார். காகம் கொன்றது கெட்டது, புதைத்தது நல்லது என்று ஹை பிரித்துப் பார்க்கிறான். புதைப்பதை எடுத்துக்கொள்கிறான், கொல்வதை விட்டுவிடுகிறான். பாடம் காகத்திடம் இருந்தது. எது பாடம் என்ற தீர்ப்பு அவனிடம் இருந்தது.

கதையின் பிற்பகுதியில் இது இன்னும் தெளிவாகிறது. விலங்குகளைப் போல நடப்பது உடலைக் காக்க மட்டும் போதும் என்று ஹை முடிவு செய்கிறான். அதற்கு மேலே வெளிச்சமும் வெப்பமும் கொடுத்துக்கொண்டே இருக்கும் வானத்துக் கோள்களைப் போல நடக்கப் பார்க்கிறான். நிழலில் வாடும் செடிக்கு வெயில் விடுகிறான், முள் குத்திய மிருகத்தின் முள்ளை எடுக்கிறான், ஓடையை அடைத்த கல்லை நகர்த்துகிறான். பழம் தின்றால் விதையை முளைக்க முடியாத பாறையிலோ உவர் நிலத்திலோ எறிவதில்லை. எந்த இனமும் அற்றுப்போகாதபடி நிறைய இருப்பதிலிருந்து பசிக்குத் தேவையான அளவு மட்டும் எடுக்கிறான். அளவு என்பது இதுதான். அவன் அதைக் குயிலிடமும் காகத்திடமும் கேட்டுப் பெறவில்லை. தன் மேல் தானே கடமையாக வைத்துக்கொண்டான். அமானிதம் என்ற சொல் தெரிந்த எமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை.

இரண்டு நூல்களையும் அருகருகே வைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ஹையின் தீவில் சந்தை இல்லை, கம்பனி இல்லை; விலைக்கு விற்கும் உலகில் என்ன செய்வது என்று இப்னு துபைல் சொல்லவில்லை. பென்யஸ் அந்த உலகத்துக்குள் நின்று எழுதுகிறார். ஆனால் எடுப்பவனுக்குக் கடமை உண்டு என்பதை இப்னு துபைல்தான் அழுத்திச் சொல்கிறார்.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒவ்வொரு கண்டுபிடிப்பின் கீழும் மூன்று கேள்வி எழுதச் சொன்னேன். அந்த உயிர் அதை உண்மையில் எப்படிச் செய்கிறது? எந்த இடத்தில் அது வேலை செய்யும், எங்கே செய்யாது? நாம் எடுத்ததற்குப் பதிலாக அந்த உயிருக்கு என்ன கொடுத்தோம்?

"மூன்றாவதுக்கு எல்லாத்துலயும் ஒண்டும் இல்ல எண்டுதான் வருது மாமா" என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னான்.

"அப்படியே எழுதுங்க மகன்" என்றேன். இப்னு பிர்னாஸின் பக்கத்தில் வாலையும் சேர்த்திருந்தான். தலைப்பிலிருந்து 'முதலில்' என்ற சொல்லை எடுத்திருந்தான்.