இடியின் திசையும் வளைய ஏரியலும்

சித்திரை வெயில் முதிர்ந்து, பிற்பகலில் மேற்கு மலையின்மீது கருமேகம் திரளத் தொடங்கிவிட்டால், தென்காசியில் மத்திய அலை கேட்கிறவர் அதை அறிய அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையத்தை 1197 கிலோஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மின்னலுக்கு ஒன்றாகச் சடசடவென்று வெடிக்கும் கரகரப்பு அந்தச் செய்தியைச் சொல்லிவிடும். மின்னலின் ரேடியோ சக்தி தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுந்தும், மேலே போகப் போகக் குறைந்தும் இருப்பதால், அடி முழுவதும் மத்திய அலைக்குத்தான். இந்த இரைச்சலை ஒழிக்கப் புறப்பட்ட அமெரிக்கர் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற மார்க்கமே இன்றைய பண்பலை என்றாலும், மத்திய அலையை விட மனமில்லாதவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

அத்தகையோருக்காகவே விற்கப்படும் டெக்சன் ஏஎன்-200 என்ற வளைய ஏரியலைப் பரீட்சித்துப் பார்த்தேன். கம்பிச் சுருளும் ஒரு மாறு மின்தேக்கியுமே அதன் சரீரம், மின்சாரம் வேண்டாம், 520 முதல் 1710 கிலோஹெர்ட்ஸ் வரை இசைக்கலாம். வானொலிப் பெட்டியை ஒட்டி வைத்துக் குமிழைத் திருகினால் ஓரிடத்தில் ஒலி குபீரென்று பொங்குகிறது. வாங்குகிறவர்கள் மயங்குவது இதில்தான். ஆனால் நிலையத்தோடு இடியும் சேர்ந்தே பொங்குவதால், நம்முடையது போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் இந்தப் பெருக்கத்தின் பிரயோஜனம் சொற்பம்.

அதன் உண்மையான விசேஷம் வேறு. விளிம்பு நோக்கும் இரு திசைகளிலிருந்தும் வருவதை நன்றாக ஏற்கும் வளையம், முகம் நோக்கும் இரு திசைகளையும் ஏறக்குறைய அடியோடு புறக்கணிக்கிறது. ஆகவே இடி தெற்கே பொதிகைப் பக்கம் முழங்கும் வேளையில், முகத்தை அங்கே திருப்பினால், தென்கிழக்கே இருக்கும் திருநெல்வேலி பெரிதும் நஷ்டமடையாமலே வெடிச் சப்தங்கள் அடங்கி, அறிவிப்பாளரின் குரல் பிசிறின்றி எழுகிறது. பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக அமையும்படி வைத்து, இரண்டையும் சேர்த்தே சுழற்ற வேண்டும்; இல்லையேல் தண்டு தன் பங்குக்கு இடியை உள்ளே கொண்டுவந்துவிடும்.

இடி அச்சன்கோவில் மலைகளில் கிளம்பினாலோ கதை வேறு. அது வடமேற்கு, அதாவது திருநெல்வேலிக்கு நேர் எதிர். முன்பின் பேதமறியாத வளையம் இடியை மறைத்தால் நிலையத்தையும் சேர்த்தே மறைக்கிறது. 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் தூத்துக்குடிக்குத் தாவலாமென்றால், அதுவும் செங்கோட்டைக் கணவாய்க்கு எதிர்த்திசையில் கிழக்கே அமைந்து நம்மைச் சோதிக்கிறது. இருட்டிய பிறகு தொலைதூர மின்னலின் இரைச்சல் அயனி மண்டலத்தில் பட்டுப் பல திக்குகளிலிருந்தும் இறங்குவதால், எந்த முகமும் பலிப்பதில்லை. மேகம் குற்றாலத்தைத் தாண்டித் தலைக்குமேல் வந்துவிட்டால் பெட்டியை அணைப்பதே விவேகம்.

இத்தனை குறைகளிருந்தும் வாங்கலாம் என்றே சொல்வேன். தென்னை மரத்துக்கும் மாடிக்கும் நீளக் கம்பி கட்டி மின்னலுக்கு வழிகாட்டும் விபரீதமின்றி, அறைக்குள் மேஜைமீதே காரியம் முடிகிறது. சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும்தான் அதற்கு வேலை. மழை எவ்வளவு பெய்தாலும் இடி அபூர்வமான சாரல் மாதங்களில் பெட்டியின் சொந்தத் தண்டே போதும். ஏரியலை அலமாரியில் வைத்துவிடலாம்.