அதிகாரியின் பக்கமும் குடிமக்களின் பின்னூட்டமும்

ஜேம்ஸ் ஃப்ரீட் என்னும் நகர மேலாளர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 15 அன்று ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு, அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் குடிமக்களைத் தடை செய்வது, அதாவது பேச்சுவழக்கில் ‘பிளாக்’ செய்வது, எப்போது அரசமைப்புக்குப் புறம்பாகும் என்பதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. அதிகாரியின் சொந்தப் பேச்சுரிமையையும் குடிமகனின் விமர்சன உரிமையையும் நடுநிலையோடு சீர்தூக்கிய தீர்ப்பு என்று அதை ஆதரிப்போர் கூறுகின்றனர். இந்தப் பாராட்டை ஏற்க இயலாது. தராசின் ஒரு தட்டில் அதிகாரியின் உரிமை முழு எடையோடு வைக்கப்பட்டது. மறுதட்டில் யாருடைய இழப்பை வைக்க வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழுப்பப்படவில்லை.

இத்தீர்ப்புக்கு முந்தைய வரலாறு பரவலாக அறியப்பட்டதே. டொனால்ட் டிரம்ப் அதிபராக இருந்தபோது தம்மை விமர்சித்த சிலரை ட்விட்டரில் தடை செய்ததை, 2018 மே மாதம் நியூயார்க் மாவட்ட நீதிபதி நவோமி ரைஸ் புக்வால்டும், 2019 ஜூலையில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் முதல் திருத்தத்துக்கு, அதாவது பேச்சுரிமையை அரசு குறைப்பதைத் தடுக்கும் அரசமைப்பு விதிக்கு, முரணானது என்று அறிவித்தன. டிரம்பின் முதல் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2021 ஏப்ரலில், வழக்கு பொருளிழந்துவிட்டது என்ற காரணத்தால் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டக் குழுத் தலைவர் ஃபிலிஸ் ராண்டல், ஊழல் குற்றச்சாட்டு ஒன்றைத் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிய குடிமகனை ஏறத்தாழ 12 மணி நேரம் தடை செய்ததையும், அது அவ்வளவு குறுகிய காலமே நீடித்தது என்பதைப் பொருட்படுத்தாமல், நான்காம் வட்ட நீதிமன்றம் 2019இல் கண்டித்தது. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய பழக்கமன்று. ஜனநாயகக் கட்சியின் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் தம்மை விமர்சித்த ஒருவரைத் தடை செய்து, வழக்கு வந்தபின் 2019 நவம்பரில் தடையை நீக்கினார்.

தடை செய்யும் உரிமைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றில் உண்மை உண்டு. பதவியேற்றதனால் ஒருவர் தம் பேச்சுரிமையைக் கைவிடுவதில்லை. கொலைமிரட்டல் விடுப்பவரையோ, பாலியல் வசை பொழிபவரையோ, விளம்பரக் குப்பையைக் கொட்டுபவரையோ சகித்துக்கொள்ளுமாறு எந்த அரசமைப்பும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஃப்ரீட் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கில், கலிஃபோர்னியாவின் போவே பள்ளி மாவட்ட அறங்காவலர்கள் இருவரை விமர்சித்த பெற்றோர் ஒருவர், ஏறத்தாழ ஒரே வாசகத்தை 42 ஃபேஸ்புக் பதிவுகளின் கீழும், அச்சுப்பிசகாத அதே மறுமொழியை 226 ட்வீட்களின் கீழும் இட்டிருந்தார். இத்தகைய வெள்ளத்துக்கு அணை கட்ட விரும்புவதில் தவறில்லை. ஆனால், எவர் இட்டாலும், எக்கருத்தை இட்டாலும், மீளமீள வரும் ஒரே பதிவை நீக்குவோம் என்ற பொதுவிதியே அந்த அணைக்குப் போதுமானது. ஒரு மனிதரை அவர் இனிச் சொல்லப்போகும் அனைத்தோடும் சேர்த்து வெளியேற்றுவதை அது எவ்வகையிலும் நியாயப்படுத்தாது.

தீர்ப்பின் அளவுகோல் இரண்டு படிகளைக் கொண்டது. நீதிபதி ஏமி கோனி பாரெட் எழுதிய தீர்ப்பின்படி, ஓர் அதிகாரியின் சமூக ஊடகச் செயல் அரசின் செயலாகக் கருதப்பட வேண்டுமானால், முதலாவதாக, அரசின் சார்பில் பேசும் மெய்யான அதிகாரம் சட்டத்தாலோ நிலைபெற்ற வழக்கத்தாலோ அவருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும்; இரண்டாவதாக, குறிப்பிட்ட அந்தப் பதிவில் அவ்வதிகாரத்தைச் செலுத்துவதாக அவர் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அவர் தனிமனிதராகவே கருதப்படுவார். தனிமனிதரை முதல் திருத்தம் கட்டுப்படுத்தாது. இதன் அடிப்படை, அரசு அதிகாரத்தின் போர்வையில் உரிமை பறிப்போர்மீது குடிமக்கள் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் 1871ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென் மாநிலங்களில் கூ க்ளக்ஸ் க்ளானின் வன்முறையையும் அதற்குத் துணைபோன உள்ளூர் அதிகாரிகளையும் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட அச்சட்டம், பாதிக்கப்பட்டவரின் நிலையிலிருந்து பிறந்தது. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்போ விடையை அதிகாரியின் நியமன ஆவணங்களுக்குள் தேடுகிறது.

ஃப்ரீட் வழக்கின் விவரங்களைப் பார்த்தால் இந்த விலகல் தெளிவாகும். மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரான் நகரில் 2014இல் மேலாளராக நியமிக்கப்பட்ட ஃப்ரீட், மாணவப் பருவத்தில் தொடங்கி, நண்பர் எண்ணிக்கை 5,000 என்னும் வரம்பை நெருங்கியபோது யாவரும் பார்க்கக்கூடிய பொதுப்பக்கமாக மாற்றிய ஃபேஸ்புக் கணக்கில், பதவிக்கு வந்தபின் தம் பதவிப் பெயரையும் நகராட்சி இணையதள முகவரியையும் நகராட்சியின் பொது மின்னஞ்சலையும் சேர்த்தார். மகளின் படங்களும் பைபிள் வசனங்களும் இடம்பெற்ற அதே பக்கத்தில், தெருவில் குவியும் இலைகளை அகற்றும் ஏற்பாடு, ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் வசதியைச் சீர்செய்தல் போன்ற நகர நிர்வாகச் செய்திகளும் வந்தன. நகராட்சியின் செய்தியறிக்கைகள் பகிரப்பட்டன. பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. கொரோனா காலத்தில் நகராட்சியின் செயல்பாடு படுமோசமானது என்று ஒரு நகரவாசி அங்கே எழுதியபோது, ஃப்ரீட் முதலில் அவருடைய பின்னூட்டங்களை நீக்கினார், பிறகு அவரையே தடை செய்தார்.

தடை செய்யப்பட்ட அந்த நகரவாசியால் ஃப்ரீடின் பதிவுகளைத் தொடர்ந்து படிக்க முடிந்தது. அவற்றின் கீழ் எழுத மட்டுமே முடியவில்லை. இந்த ஒரு விவரமே தடைக்கான வழக்கமான வாதத்தைச் சாய்த்துவிடுகிறது. தனிமை காப்பதற்காகவே தடை என்றால், பார்வையைத் திறந்துவிட்டு வாயை மட்டும் அடைப்பது எத்தகைய தனிமை? விமர்சனத்தைப் படிக்கும் மனவேதனையிலிருந்து தப்புவதற்கென்றால், அதற்கு வேறு கருவி உண்டு. ட்விட்டரில் ‘மியூட்’ எனப்படும் ஒலியடக்கும் வசதியைப் பயன்படுத்துபவரின் கண்ணுக்கு எதிராளியின் பதிவுகள் தெரியமாட்டா. ஆனால் எதிராளி தொடர்ந்து எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். இந்த வேறுபாட்டை நீதிபதி புக்வால்ட் 2018லேயே தெளிவாக எடுத்துக்காட்டினார். அரசு அதிகாரிகள் குடிமக்களுக்குச் செவிசாய்த்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லையென்பதை உச்ச நீதிமன்றம் 1984இல் மினசோட்டா கல்லூரி ஆசிரியர்கள் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. கேட்க விரும்பாத அதிகாரி தம் காதைப் பொத்திக்கொள்ளலாம். தடை செய்யும்போது அவர் பொத்துவது மற்றவர்களின் காதுகளை.

இதுவே இப்பழக்கத்தின் ஆழமான குறை. தீர்ப்பும் அதை ஆதரிப்போரும் தொடாமல் விட்டதும் இதுவே. ஒரு நகர மேலாளரின் பதிவுக்குக் கீழே எழுதும் நகரவாசி, மேலாளரோடு மட்டும் பேசவில்லை. அந்தப் பதிவைப் படிக்க வந்த மற்ற நகரவாசிகளோடு பேசுகிறார். தம் தெருவில் இலை அகற்றப்படவில்லை என்று ஒருவர் எழுத, எங்கள் தெருவிலும் அப்படித்தான் என்று மற்றொருவர் எழுதும் இடம் அது. தனித்தனிக் குறைகள் பொதுக்குறையாக உருப்பெறுவது அங்கேதான். அதிலிருந்து விமர்சகர்களை மட்டும் நீக்கினால் எஞ்சுவது பாராட்டுகளின் தொகுப்பு. அதைப் படிப்பவர், நகரமே நிர்வாகத்தில் நிறைவு கொண்டிருப்பதாக எண்ணுவார். நீக்கப்பட்டவருக்குத் தாம் நீக்கப்பட்டது தெரியும். படிப்பவர்களுக்கோ எது நீக்கப்பட்டது என்பதும், நீக்கப்பட்டது என்பதும் தெரியாது. கேட்போரின் உரிமை அமெரிக்கச் சட்டத்துக்குப் புதிதன்று: மருந்து விலைகளை விளம்பரம் செய்வதற்கு வர்ஜீனியா விதித்திருந்த தடையை 1976இல் உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, வழக்குத் தொடுத்தவர்கள் பேச விரும்பிய மருந்தாளர்கள் அல்லர், கேட்க விரும்பிய நுகர்வோர். மருந்து விலையை அறியும் உரிமை பெற்ற குடிமகனுக்கு, தம் நகர நிர்வாகத்தைப் பற்றி அண்டைவீட்டார் சொல்வதை அறியும் உரிமை எப்படிக் குறைவாக இருக்க முடியும்?

இந்த இழப்பைக் காணாத அளவுகோல், நடைமுறையில் எங்கே கொண்டுவிடுகிறது என்பதைத் தீர்ப்பின் எடுத்துக்காட்டு ஒன்றே காட்டிவிடுகிறது. ஒரு மேயர், குறிப்பிட்ட நகராட்சி விதியின்கீழ் வாகன நிறுத்தக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகத் தம் பக்கத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பு வேறெங்கும் கிடைக்காதென்றால், அது அரசின் பேச்சு. அதே செய்தி நகராட்சி இணையதளத்தில் ஏற்கெனவே இருக்க, அதை மேயர் பகிர்ந்துகொள்ள மட்டும் செய்தால், அது பெரும்பாலும் தனிமனிதரின் பேச்சு. ஆனால் அமெரிக்க அதிகாரிகளின் பக்கங்களில் வருவன பெரும்பாலும் இரண்டாம் வகைப் பதிவுகளே. ஃபேஸ்புக்கில் அறிவித்துச் சட்டத்தை மாற்றும் மேயர்கள் அரிது. மக்கள் சினந்தும் வினவியும் எழுதுவது, பகிரப்பட்ட செய்திகளின் கீழேதான். எனவே பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடத்தில் அளவுகோல் மிகப் பலவீனமாகவும், பாதுகாப்பு அரிதாகவே தேவைப்படும் இடத்தில் வலுவாகவும் அமைந்துவிட்டது.

சட்டமன்ற உறுப்பினர்களின் நிலை இன்னும் மோசம். மாநிலத்தின் சார்பில் பேசும் அதிகாரத்தைத் தனி உறுப்பினர் ஒருவருக்கு எழுத்தில் வழங்கும் சட்டத்தைக் காண்பது அரிது. ஆனாலும் மக்கள் மிகுதியாக அணுகுவதும் கேள்வி கேட்பதும் அவரைத்தான். மிசௌரி சட்டமன்ற உறுப்பினர் செரி ரைஷ் தம் தொகுதிவாசி ஒருவரை ட்விட்டரில் தடை செய்த வழக்கில், அந்தக் கணக்கு தேர்தல் பிரசார மடல் போன்றது, அரசின் கருவியன்று என்று எட்டாம் வட்ட நீதிமன்றம் 2021இல் கூறி அவரை விடுவித்தது. புதிய அளவுகோலின் முதல் படி இத்தகைய விடுவிப்புகளுக்கு வாயிலை இன்னும் அகலமாகத் திறக்கிறது. அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் சட்டம், அதிகாரம் எங்கே செயல்படுகிறது என்று பார்ப்பதில்லை.

தீர்ப்பு தன் துணைக்கு அழைத்த முன்வழக்கே அதற்கு எதிராகப் பேசுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மேரிலாந்தின் க்ளென் எக்கோ கேளிக்கைப் பூங்காவில், தனியார் நிறுவனத்திடம் ஊதியம் பெற்ற காவலர் ஒருவர், துணை ஷெரீஃப் சின்னத்தை அணிந்தபடி, இனப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய கறுப்பின இளைஞர்களை வெளியேறச் சொல்லிக் கைது செய்தார். அது அரசின் செயலே என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காவலருக்கு மெய்யான அதிகாரமும் இருந்தது என்பதைப் பாரெட் வலியுறுத்துகிறார், அது சரியே. ஆனால் அந்த இளைஞர்களின் எதிரில் நின்றது காவலரின் நியமன ஆணை அன்று, சின்னம். ஃப்ரீடின் பக்கத்தில் பதவிப் பெயரும் நகராட்சி முகவரியும் மின்னஞ்சலும் அதே சின்னத்தின் இடத்தில் நிற்கின்றன. போவே வழக்கில் பக்கத்தின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் கொண்டு முடிவெடுத்த ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தின் அணுகுமுறை, குடிமகன் எதைக் காண்கிறார் என்பதிலிருந்து தொடங்கியதால், நேர்மையானது. உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. தனிப்பட்ட பக்கத்தில் அரசுப்பணியைச் செய்து அதிகாரி ஆய்விலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பு எச்சரிப்பது உண்மையே. எனினும், இங்குள்ள கருத்துகள் முற்றிலும் என் சொந்தக் கருத்துகள் என்ற ஒரு வரியைப் பக்கத்தின் முகப்பில் இட்டுக்கொண்டால், பதிவுகள் தனிப்பட்டவையே என்ற வலுவான அனுமானம் எழும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. இதைப் படிக்கும் எந்த வழக்குரைஞரும் தம் கட்சிக்காரரான மேயருக்கு முதலில் தரும் அறிவுரை அந்த வரியாகவே இருக்கும்.

கலவையான பக்கத்தை வைத்திருக்கும் அதிகாரிக்கே ஆபத்து அதிகம், ஏனெனில் ஃபேஸ்புக் தடை பக்கம் முழுவதற்கும் பொருந்துவதால் ஒரே ஓர் அரசுப் பதிவு இருந்தாலும் அவர் பொறுப்பாளி ஆகக்கூடும் என்று ஆதரவாளர்கள் தேற்றுகின்றனர். ஏட்டில் இது சரி. ஆனால் அந்தப் பொறுப்பை நிறுவ வேண்டியவர் தடை செய்யப்பட்ட குடிமகன். பதிவு பதிவாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சட்டம் அல்லது வழக்கம் அதிகாரிக்கு வாய் தந்தது என்று அவர் காட்ட வேண்டும். ஃப்ரீடின் வழக்கையும் போவே வழக்கையும் உச்ச நீதிமன்றம் முடித்துவைக்கவில்லை. புதிய அளவுகோலின்படி மீண்டும் ஆராயுமாறு கீழே அனுப்பியது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பின்னூட்டத்துக்கான விடை, அந்தத் தொற்று ஓய்ந்த பிறகும் கிடைக்கவில்லை. விசைப்பலகையில் ஒரு நொடியில் நடக்கும் செயலுக்கு இத்தனை ஆண்டு வழக்கு என்றால், தடை செய்பவருக்கு அஞ்ச எதுவுமில்லை.

2024 நவம்பரில் எக்ஸ் தளம், முன்னாளைய ட்விட்டர், தடையின் தன்மையை மாற்றி, தடை செய்யப்பட்டவர் பொதுப் பதிவுகளைப் பார்க்கலாம், மறுமொழி மட்டும் இட முடியாது என்று ஆக்கியது. துன்புறுத்தலுக்கு உள்ளாகும் சாதாரண மக்களுக்கு அது பாதகமானது என்ற எதிர்ப்பு நியாயமானதே. பதவியில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, போர்ட் ஹியூரானில் ஃபேஸ்புக்கின் தடை விளைவித்ததையே இனி எக்ஸ் தளத்தின் தடையும் விளைவிக்கும்: விமர்சகர் படிப்பார், மற்றவர்கள் அவரைப் படிக்கமாட்டார்கள். பின்னூட்டங்களே வேண்டாமென்று கருதும் அதிகாரி, அவற்றை அனைவருக்கும் மூடிவிடலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை, யாரும் குறைகூறவும் போவதில்லை. அனைவருக்கும் திறந்துவைத்துக் கசப்பானவரை மட்டும் வெளியே நிறுத்துவதுதான் இங்கே கேள்விக்குரியது. அந்தக் கேள்விக்கான விடை, கதவருகே நிற்பவரின் நியமன ஆணையில் இல்லை.