எட்டுத் துணைகளும் ஆயிரம் பேரும்

'ஒத்தெல்லோ'வில் ஒரு கைக்குட்டை. சங்கரதாஸ் சுவாமிகள் மேடையேற்றிய கோவலன் கதையில் ஒரு சிலம்பு. இரண்டும் பொய்க்குச் சாட்சியாகின்றன.

மூலமான சிலப்பதிகாரத்தில் என்னைத் தொந்தரவு செய்வது பொற்கொல்லனின் பேச்சுத்திறன்தான். கோவலனைப் பார்த்த காவலர்கள், 'இவன் கொலைக்குரியவன் இல்லையே' என்று தயங்குகிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வரின் எட்டுத் துணைகளை அடுக்குகிறான். அவ்வளவுதான், கோவலனின் நல்ல தோற்றமே கள்ளத்தனத்துக்கு அடையாளமாகிவிடுகிறது. இயாகோவும் இதைத்தானே செய்கிறான்? காசியோவுக்காக டெஸ்டிமோனா பரிந்து பேசுவதையே கள்ளக்காதலுக்கு ஆதாரமாக்குகிறான்.

மென்பொருள்காரனாக எனக்குத் தோன்றுவது, ஒரே ஒரு டெஸ்ட் போதும். சிலம்பை உடைத்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்துவிடும். கண்ணகி வரும்வரை யாரும் உடைக்கவில்லை.

கதை அங்கே முடிவதுமில்லை. பாண்டியனுக்குப் பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே நாளில் 1000 பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது காப்பியம். ஒருத்தன் களவுக்கு ஒரு தொழிற்குலமே கள்வராகிறது. 'கள்வன் இப்படித்தான் இருப்பான்' என்ற அதே வாதம், இம்முறை அரசனுடையது. கோவலனுக்காக அழுகிற நாம், அந்த ஆயிரம் பேரை எண்ணிக்கையாக மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம்.