ஈயம் திரும்பி வரும்போது

தூண்டில் போடப் போகிறேன், நல்ல கண்ணாடி ஒன்று வேண்டும் என்றால் பதுளைக் கடைக்காரர் யோசிக்காமல் ‘போலரைஸ்ட்’ ஒன்றை எடுத்து நீட்டுவார். பாதி சரி.

அதன் வித்தையை முதலில் பார்த்துவிடுவோம். மழை விட்டதும் நனைந்த தேயிலை வெள்ளிபோல மினுங்குமே, அதைப் போலரைஸ்ட் வில்லை வழியே பார்த்தபடி வில்லையை மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் மினுக்கம் அடங்கி இலையின் பச்சை மட்டும் நிற்கும். இன்னும் கால் சுற்று திருப்பினால் மினுக்கம் திரும்பி வரும். எப்படித் திருப்பியும் மாற்றம் தெரியவில்லையா? அது பஸ் நிலையத்தருகே பாயில் பரப்பி விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடிதான்.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கிடைமட்டமாக அதிர்வதே அதிகம். அதைத்தான் இந்த வில்லை மறிக்கிறது. ஆனால் நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகைச் சரிவில் பார்க்கும்போதுதான் அது முழுமையாக வேலை செய்யும். கண் தண்ணீருக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருந்தால், அந்த இடம் காலடியிலிருந்து வெறும் 2 மீற்றர் தள்ளி. மஹியங்கனை சொரபொரக் குளத்தில் 20 மீற்றருக்கு அப்பால் தக்கை ஆடும் இடத்தில் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். தண்ணீர் கலங்கிக் கிடந்தால் எந்த வில்லையும் திலாப்பியாவைக் காட்டப்போவதில்லை. கண்கூச்சம் குறையும், தலைவலி மிச்சம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. உமா ஓயாவில் பாறையிடுக்கில் முள் மாட்டிக்கொண்டது. தங்கூசி ரப்பர்போல இழுபட்டது, இன்னும் இழுத்தேன். முள் விடுபட்டதும் ஈயக்குண்டு கவணில் விட்ட கல்லாகத் திரும்பி வந்தது. கண்ணாடி? சட்டைப்பையில் இருந்தது. ஆற்றோரம் மரநிழல், கால் வைக்கும் பாறை தெரியவில்லை என்று கழற்றி வைத்திருந்தேன். வழமையான கறுப்பு வில்லை, அதாவது 3ஆம் வகை, நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். ஊவாவின் பள்ளத்தாக்கு ஓடைகளில், மூடுபனி இறங்கும் பின்னேரத்தில், அதைப் போட்டுக்கொண்டு பாசி பிடித்த கல்லில் நடக்க முடியாது. கழற்றும்படி ஆகிற கண்ணாடி கண்ணைக் காக்காது.

வெயில் என்ன ஆவது என்பீர்கள். நியாயமான கேள்விதான். 1,000 மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து வீதம் கூடும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. கண்ணில் சதை வளர்வதிலும் புரை விழுவதிலும் இந்தக் கதிருக்குப் பங்குண்டு. ஆனால் புறஊதாவைத் தடுப்பதற்கும் வில்லையின் கறுப்புக்கும் சம்பந்தமே இல்லை. நிறமற்ற பொலிகார்பனேட் தானாகவே அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். மேலேயிருந்து வருவதற்கு அகன்ற விளிம்புத் தொப்பி போதும்.

ஆகவே என் தராசு ஹார்ட்வெயார் கடைப் பக்கமே சாய்கிறது. பக்கவாட்டையும் மூடும் நிறமற்ற பொலிகார்பனேட் கண்ணாடி. அதில் ‘ஈஎன் 166’ என்ற குறியும் ‘எஃப்’ எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வினாடிக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் 6 மில்லிமீற்றர் உருக்குக் குண்டைத் தாங்கியது என்று அர்த்தம். ஈயக்குண்டு அதைவிடக் கனம், ஆகவே முழு உத்தரவாதம் என்று சொல்லமாட்டேன். உடைந்தால் சில்லாகும் கண்ணாடி வில்லையைவிட இது எத்தனையோ மேல். குறை ஒன்று: சீக்கிரம் கீறல் விழும். சேறு பட்டால் சாரத்தால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் அலசுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும்போது போடுகிற மூடு கண்ணாடியை இதற்கு எடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடும்.

போலரைஸ்ட் இரண்டாம் கண்ணாடி. உச்சி வெயிலில் குளக்கரைக்கே போகிறவர் வாங்கட்டும், அதுவும் பொலிகார்பனேட்டில். விலையைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்த்து, எத்தனை நாள் கொழுந்து என்று கணக்குப் போட்டபின் முடிவெடுங்கள். முதல் கண்ணாடிக்கு அந்த யோசனை வேண்டாம். பக்கத்தில் குந்தித் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.