தோல்விக்குப் பின் ஒரு சொற்பணி

1690-ஆம் ஆண்டு, அக்கால ஆங்கில நாள்காட்டிப்படி ஜூலை முதல் நாள், அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் ஒரு படை சிதறி ஓடியது. கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்காகப் போரிட்ட அப்படையில் ஜான் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயக் கத்தோலிக்கரும் ஓர் அதிகாரி. அதே மனிதர் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஸ்பானிய மொழிச் செல்வத்தை ஆங்கிலத்திற்குக் கொணர்ந்த பெரும் புலமையாளராக அறியப்பட்டார். அரசனுக்கு ஊழியம் செய்த ஒருவர் மொழிக்கு ஊழியராக மாறியபோது, பழைய வாழ்விலிருந்து எதை உடன் கொண்டுவந்தார், எதை விட்டுவிட்டார்? அவருடைய நூல்களை எடைபோட முற்படும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

1688-இல் அவர் வேல்ஸ் நாட்டு வெல்ஷ்பூல் நகரில் கலால் வரி அதிகாரி. அவ்வாண்டின் இறுதியில் மன்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஸ்டீவன்ஸ் பதவியைத் துறந்து மன்னரைப் பின்தொடர்ந்தார். பிரான்சு வழியாக அயர்லாந்து சேர்ந்து காலாட்படையில் பணியாற்றினார். இந்நாள்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1691-இல், ஆக்ரிம் போரைப் பற்றிய பகுதியில் திடீரென நின்றுவிடுகிறது. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1912-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது.

தோற்றவர்கள் எழுதும் வரலாற்றில் பழியைப் பிறர்மேல் சுமத்தும் ஆசை எளிதில் நுழைந்துவிடும். ஸ்டீவன்ஸின் நாட்குறிப்பில் அது மிகக் குறைவு. தம் பக்கத்துக் குதிரைப்படையே பின்வாங்கி ஓடிவந்து தம் காலாட்படையை நிலைகுலையச் செய்ததை அவர் மறைக்கவில்லை. பசியையும் ஒழுங்கின்மையையும் அச்சத்தையும் கண்டபடியே எழுதினார். தம் தரப்பு நியாயமானது என்னும் நம்பிக்கை, தம் தரப்பின் குறையைச் சொல்லத் தடையாகவில்லை. அவருடைய தலையாய பண்பு இதுவென்று நாம் கருதுகிறோம்.

போர் முடிந்தபின் இங்கிலாந்தில் ஒரு கத்தோலிக்கர் அரசுப் பதவிக்கு வரச் சட்டம் இடந்தரவில்லை. எஞ்சியது எழுதுகோல். 1695 முதல் அவருடைய மொழிபெயர்ப்புகள் வரிசையாக வெளிவந்தன. இயேசு சபைக் குரு ஹுவான் தெ மரியானாவின் ஸ்பெயின் வரலாறு 1699-இல் வந்தது. ஷெல்டனின் பழைய ‘தொன் கிஹோத்தே’ மொழிபெயர்ப்பைத் திருத்தி 1700-இல் வெளியிட்டார். 1571-இல் லெப்பாந்தோ கடற்போரில் இடக்கை ஊனமுற்ற செர்வாந்தெஸின் நூலை மற்றொரு போர்வீரர் திருத்தியது பொருத்தமே.

இவற்றுள் நமக்கு நெருக்கமானது 1695-இல் வந்த ‘போர்த்துகீசிய ஆசியா’. போர்த்துகீசியரான மனுவேல் தெ ஃபாரியா இ சோசா ஸ்பானிய மொழியில் எழுதிய வரலாறு அது. மயிலாப்பூரையும் புனித தோமையாரின் கல்லறையையும் பற்றிய போர்த்துகீசியர் செய்திகளை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த நூல்களில் இதுவும் ஒன்று. ஆனால் இங்கேதான் நம் குறையையும் சொல்ல வேண்டியுள்ளது. மூலத்தின் பெருந்தொகுதிகளை அவர் சுருக்கியே தந்தார். 1725, 1726 ஆண்டுகளில் வந்த எரேராவின் அமெரிக்க வரலாற்றிலும் மூலத்தை வெகுவாகச் சுருக்கினார். தம் படையின் ஓட்டத்தைக்கூட விட்டுவிடாத கை, பிறர் எழுதியதை ஏன் வெட்டியது? நூலை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையும், நீண்ட நூல்களை விரும்பாத வாசகர்களும் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் புரிகிறது, ஆயினும் இழப்பு இழப்பே. மூல ஆசிரியரின் முழுக்குரலைக் கேட்க விரும்புவோர் ஸ்டீவன்ஸோடு நின்றுவிட முடியாது.

நாட்குறிப்பின் நேர்மையை நாம் மீண்டும் காணும் இடம் 1706-இல் வெளியான அவருடைய ஸ்பானிய-ஆங்கில அகராதி. ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலப் படைகள் நேச நாட்டுப் படைகளோடு மாட்ரிட்டுக்குள் நுழைந்த ஆண்டும் அதுவே. அந்த நாள்களில் ஸ்டீவன்ஸ் ஸ்பானியரின் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். பெர்சிவல் 1591-இலும் மின்ஷு 1599-இலும் வெளியிட்ட அகராதிகளுக்குப்பின் இது பெரும் முன்னேற்றம். உயர்ந்தோர் வழக்கோடு நகைச்சுவைச் சொற்களையும், கள்வரும் நாடோடிகளும் பேசிய குழூஉக்குறிகளையும் அவர் சேர்த்தார். பழமொழிகள், குடும்பப் பெயர்கள், ஊர்கள், அமெரிக்க நிலத்துச் செடிகள் ஆகியவற்றுக்கும் இடந்தந்தார். மக்கள் பேசுகின்ற எதுவும் அவருக்குத் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பில் வெட்டியவர் அகராதியில் தாராளமாகச் சேர்த்தார். அகராதிக்காரனுக்கு, தனக்குப் பிடிக்காத சொல்லையும் பதிவு செய்யும் கடமை உண்டு. தன் பக்கத்தின் தோல்வியை எழுதிப் பழகியவருக்கு அது எளிதாக வந்திருக்க வேண்டும்.

இறுதி ஆண்டுகளில் அவர் தம் நாட்டின் பக்கம் திரும்பினார். எட்டாம் ஹென்றியின் காலத்தில் மூடப்பட்ட துறவு மடங்களைப் பற்றி டக்டேல் எழுதிய பெருநூலுக்கு, 1722, 1723 ஆண்டுகளில் இரு தொகுதிகளைத் துணையாக வெளியிட்டார். புனித பேதாவின் திருச்சபை வரலாற்றையும் 1723-இல் ஆங்கிலமாக்கினார். இடிந்த மடங்களை மீண்டும் கட்டும் ஆற்றல் அவருக்கு இல்லை; அவை இருந்தன என்று எழுதிவைக்கும் ஆற்றல் இருந்தது.

1726-இல் ஸ்டீவன்ஸ் காலமானார். ஸ்பானிய அரசக் கழகத்தின் பேரகராதியுடைய முதல் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவர் சேவித்த மன்னர் அரியணைக்குத் திரும்பவில்லை. அவர் போரிட்ட நோக்கம் நிறைவேறவுமில்லை. ஆயினும் 1740-இல் பினேதா என்பவர் புதிய ஸ்பானிய-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டபோது, ஸ்டீவன்ஸின் உழைப்பே அவருக்கு அடித்தளமாயிற்று.

நம் பங்குகளிலும் குடும்பங்களிலும், கொண்ட பதவி போனபின் தம் வாழ்வே முடிந்தது என்று ஒதுங்கி அமர்ந்திருப்போர் உண்டு. ஸ்டீவன்ஸ் பிழையற்ற அறிஞர் என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டோம். கையில் எஞ்சியதைக் கொண்டு அடுத்த பணியைத் தொடங்கினார் என்று மட்டும் சொல்வோம். அவருடைய குறைகளை அறிந்த பிறகும் அது சிறிய புகழாக நமக்குத் தோன்றவில்லை.