தெரிந்தும் பேசாத அப்பா

2024 ஆகஸ்டில் விஜய் டிவியின் ‘பாக்கியலட்சுமி’ தொடரில் ராமமூர்த்தி என்கிற முதியவர் இறந்தார். மகன் கோபி கொள்ளி வைக்கக் கூடாது என்று அவருடைய மனைவி ஈஸ்வரி மறித்துவிட, மருமகள் பாக்கியா இறுதிச் சடங்கைச் செய்தாள். அந்த வாரம் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டும் பெண்களிடையே இதுதான் பேச்சு. “என்ன இருந்தாலும் பெத்த புள்ள, அவன தள்ளி நிக்க வெக்கலாமா?” என்றார் ஒருவர். “உசுரோட இருந்தப்ப அந்த மனுஷன் மனச நோகடிச்சவனுக்கு இப்ப என்ன கொள்ளி?” என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இப்படியொரு வழக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கதையை ‘வெறும் சீரியல்’ என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவும் மகனும் முறைத்துக்கொண்டு பிரிந்து நிற்பதை நம் நெடுந்தொடர்கள் எங்கே சரியாகச் சொல்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்பதை அந்த அத்தியாயத்தை வைத்தே பேசலாம்.

முதலில் அதன் பலம். தொடர் தொடங்கியது 2020 ஜூலையில். நான்கு ஆண்டுகள், வாரநாள் தவறாமல் அந்தப் பெரியவர் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கோபிக்கு ராதிகாவுடன் இருந்த உறவு தெரியவந்தபோது பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்து கிடந்தார். பாக்கியாவுடனான விவாகரத்துக்குப் பிறகு கோபி ராதிகாவை மணந்துகொண்டபோது அவர் மகன் பக்கம் சாயவில்லை, மருமகளோடு நின்றார். இங்கே தவறான புரிதல் என்று எதுவும் இல்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் மகனை விலக்கினார். விலக்கிய பிறகும் பெற்ற பாசம் விட்டுப்போகவில்லை. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் வருடக்கணக்கில் இருப்பதைக் காட்ட நெடுந்தொடருக்குத்தான் பொழுது இருக்கிறது.

சினிமாவால் முடியாதா என்றால், முடியும், வேறு விதத்தில். ‘மெட்டி ஒலி’ தொடரை இயக்கிய திருமுருகன் 2006-ல் ‘எம் மகன்’ படத்தை எடுத்தார். நாசர் மளிகைக் கடைக்காரர், மகனைக் கை நீட்டி அடிப்பவர், பரத் மகன். தொடரில் பழகிய கையால் எடுத்த படம் என்பது அதன் வீட்டுக் காட்சிகளில் தெரியும். ஆனால் இரண்டரை மணி நேரத்துக்குள் பிரிந்தவர்கள் சேர்ந்தாக வேண்டும். தொடருக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு மௌனம் ஆறு மாதம் நீடித்தால் பார்ப்பவரும் அந்த ஆறு மாதத்தைச் சேர்ந்தே கழிக்கிறார்.

இனி குறை. ராமமூர்த்தியின் மரணத்தில் எனக்கு உறுத்துவது கோபியைத் தடுத்தது அல்ல; அதற்கு முந்தைய கதையைத் தொடர் பயன்படுத்தாமல் விட்டதுதான். கோபி கல்லூரிக் காலத்தில் காதலித்தது ராதிகாவை. பெற்றோர் கட்டாயத்துக்காகப் பாக்கியாவை மணந்தான். ஆக இந்தக் குடும்பத்தின் முதல் காயத்தில் ராமமூர்த்திக்கும் பங்கு உண்டு. அதே கோபிதான் பின்னாளில் சினிமா இயக்குநராக ஆசைப்பட்ட தன் மகன் எழிலை மட்டம் தட்டி, மூத்தவன் செழியனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். தாத்தா மகனிடம் செய்ததை மகன் பேரனிடம் செய்கிறான்! மூன்று தலைமுறைக்கு நீளும் இந்தச் சங்கிலி கதைக்குள் தயாராகவே கிடந்தது. தொடரோ கோபியின் பழைய காதலைப் பெரும்பாலும் அவனுடைய தவறுக்குச் சாக்காகவே பயன்படுத்தியது. சாவு வீட்டில் அவன் நிற்கும்போது, தான் வெறுத்ததையும் இழந்ததையும் அவன் ஒருசேர உணர்கிற தருணம் ஒன்று வேண்டியிருந்தது. கோபியாக வரும் சதீஷ்குமார் அதை நடித்துக் காட்டக்கூடிய நடிகர்தான். கிடைத்ததோ தீர்ப்பும் தண்டனையும்.

இதில் பாக்கியாவுக்கும் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. மருமகள் கொள்ளி வைப்பது தமிழ்த் தொடரில் துணிச்சலான காட்சி, அதை மதிக்கிறேன். ஆனால் மாமனாரை மகள்போல் பார்த்துக்கொண்டதற்கு உரிய உரிமையாக மட்டும் அது அவளிடம் வந்து சேரவில்லை. மகனைத் தண்டிக்கும் வழியாகவும் வந்து சேர்ந்தது. மகன் யோக்கியனாக இருந்திருந்தால் அந்த உரிமை அவளுக்கு உண்டா என்ற கேள்வியைத் தொடர் தொடவில்லை.

இதே சேனலில் 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ தந்தை சொல்லையே துணைத்தலைப்பாக வைத்துக்கொண்டு வந்தது. அதன் தொடக்க மாதங்களில் கடைக்காரர் பாண்டியனுக்கும் கடைசி மகன் கதிருக்கும் நடுவே வரும் பகையின் அஸ்திவாரம் ஒரு ரகசியம். வேறொருவனை நம்பி ஏமாந்த ராஜியைக் கதிருக்குக் கட்டி வைத்தது அம்மா கோமதி. பாண்டியனோ, மகன் தானாகவே பகையாளி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று கொதிக்கிறார். மகன் வாய் திறக்கவில்லை, அப்பா விசாரிக்கவில்லை, அம்மா நடுவில் உருகுகிறாள். நிரோஷா நடித்த கோமதியின் தவிப்பு நிஜமானது. சாப்பாட்டுத் தட்டு முதல் கல்லூரிச் செலவு வரை இரண்டு ஆண்களுக்கும் இடையில் சேதி சுமக்கும் தாய்மார்களை நம் எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அந்த உழைப்பைக் கண்ணில் படும்படி காட்டியதற்கு இந்தத் தொடர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ரகசியம் என்கிற உத்தி உள்ளுக்குள் பொய்யானது. உண்மை தெரிந்த மறுகணம் கோபம் கரைந்துவிடும் என்று அது வாக்குக் கொடுக்கிறது. அப்படியானால் அப்பா மாற வேண்டியதில்லை, மகனும் மாற வேண்டியதில்லை. தகவல் போய்ச் சேர்ந்தால் போதும். யார் மீதும் பிழை இல்லாத சண்டையாக அது முடிந்துவிடும்.

எங்கள் திருவேற்காட்டுப் பக்கம் அப்பாவும் மகனும் பிரிவது இப்படியல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடியின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையிலோ ஷிப்ட் பார்த்து, பி.எஃப். பணத்தைப் போட்டு, கூவத்துக்கு இந்தப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கித் தரைத்தளம் கட்டிய அப்பாக்கள் இங்கே ஏராளம். மகனுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை; கல்யாணத்துக்குப் பின் மாடியில் ஒரு வீடு எழும்பும். லோன் யார் பெயரில், தங்கைக்குப் பங்கு எவ்வளவு என்ற பேச்சு ஒரு நாள் தடிக்கும். அப்புறம் மாடிப்படி வெளிப்பக்கமாகப் போகும். மின்வாரியத்தில் தனி மீட்டர் கேட்டு விண்ணப்பம் போகும். அப்பா கீழே, மகன் மேலே, ஒரே கேட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் வருடங்கள் ஓடும். இவர்களுக்கு நடுவே ஒளித்துவைத்த எந்த உண்மையும் இல்லை. இருவருக்கும் எல்லாம் தெரியும். அதனால்தான் பேச்சு இல்லை. தனி மீட்டருக்காக ஓர் அத்தியாயம் ஒதுக்கிய தொடரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ரகசியத்தைத் தொடர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எழுதுபவர்களின் சோம்பல் அல்ல. வாரந்தோறும் டி.ஆர்.பி. வருகிறது, எண் இறங்கினால் கதை திரும்பியாக வேண்டும். விளம்பரம் போகச் சுமார் இருபது நிமிடம்; அதன் கடைசி நொடியில் ‘நாளைக்குத் தெரிந்துவிடுமோ’ என்ற பதைப்பு வேண்டும். ரகசியம் அதை எளிதாகத் தருகிறது. பத்து ஆண்டு மௌனத்துக்கு அப்படியொரு கடைசி நொடி கிடையாது. பாத்திரம் தேய்த்துக்கொண்டும் மாவு பிசைந்துகொண்டும் காதால் மட்டுமே தொடர் ‘பார்க்கிற’ பெண்களுக்காக எல்லாமே வசனமாகவும் வேண்டியிருக்கிறது. ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று முறை சொல்வதைக் கிண்டல் செய்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அப்பா–மகன் விஷயத்தில் இந்த வழக்கம் பெரிய சேதம் செய்கிறது. பேசாத இருவரைப் பற்றிய கதையில் சுற்றியிருக்கும் எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; மௌனத்துக்கு மட்டும் இடம் இல்லை. மகன் அழும் முகத்தை மூன்று கோணத்தில் பார்த்துவிட்டோம். அவன் என்ன நினைக்கிறான் என்பதை அவன் வாயால் கேட்டது அபூர்வம்.

என் கணிப்பில், ராமமூர்த்தி–கோபி உறவு நம் தொலைக்காட்சியில் வந்த நல்ல அப்பா–மகன் கதைகளில் ஒன்று; அதன் முடிவு அதற்கு ஈடாகவில்லை. பாண்டியன்–கதிர் கதையில் நடிப்பு நன்று, அடித்தளம் பலவீனம். அடுத்த தொடரை எழுத உட்காரும் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் வாரத்திலேயே அப்பாவுக்கு எல்லாவற்றையும் தெரியப்படுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் ஏன் மகனோடு பேசவில்லை என்று எழுதுங்கள். ஆயிரம் அத்தியாயத்துக்கு அதில் கதை இருக்கிறது.